கொடி விதைத்தவர்

லகாட் ஊர்ப் பக்கம், நான் படித்த ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போனேன். கூரைவரை கொடி மூடி, வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அங்கே காவலுக்கு இருந்தவர் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒல்லி மனிதர். பேசும்போதெல்லாம் இடுப்பிலிருந்த பாராங் கத்தியை உருவிக் கட்டைவிரலால் பதம் பார்த்துக்கொண்டார். கொடிமேல் மட்டும் அதை வைக்கவில்லை.

“எந்தப் பாவிண்ணே இந்தக் கொடிய இங்க கொண்டாந்து விட்டான்?” என்று எரிந்து விழுந்தேன்.

“நாந்தான் தம்பி. ரப்பர் மரத்தடியில களை வரக்கூடாதுன்னு தொரை வெதைக்கச் சொன்னாரு.”

“தொரைதான் தோட்டத்த விட்டே போயிட்டாரேண்ணே. இப்ப வெட்டிப் போடலாம்லா?”

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். “ஒரு களைகூட வரல, பாத்தீங்களா?”

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, கொடுத்த வேலையைச் சரியாக முடித்தவரின் முகம். அவரிடம் எப்படிச் சண்டை போடுவது? வாசலைக் காணாமலே திரும்பினேன்.