குறுக்க மறுத்த குழல்

மன்னார் மாவட்டச் செயலகமான கச்சேரியில், துவக்கு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் வரிசையில், கட்டுக்கரைக் குளத்தடி வயல்காரி ஒருவர் என் முன்னே நின்றார். குள்ளமான மெலிந்த உருவம். குழல்வாய் வழியே வெடிமருந்திடும் அவரது துவக்கோ அவரினும் நெடியது. அதன் குழலை முந்தானையால் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"அக்கா, ஒரு முழம் வெட்டிப்போடுங்கோவன். மருந்து இடிக்கக் கை எட்டுதோ?" என்று என் பின்னால் நின்றவர் நகைத்தார்.

"துவக்கை வயலுக்கை ஊண்டிப்போட்டு, வரம்பில ஏறி நிண்டு இடிப்பன். குழல் குறைஞ்சால் குறி பிசகும் தம்பி. காட்டுப்பண்டி வந்து நெல்லை முடிச்சிடும். கட்டைத் துவக்கு ஒளிக்கிறவனுக்கு. எனக்கு ஒளிக்க என்ன கிடக்கு?"

குறுங்குழலே நன்றென அறிவுரைக்க இருந்த நான் என் பத்திரத்தை எடுத்துப் பிரித்தேன். அலுவலர் அவரது பத்திரத்தில் முத்திரை குத்தினார். துவக்கைத் தோளிலேற்றி அம்மையார் திரும்பியபோது, அந்நெடுங்குழலுக்கு வழிவிட்டு வரிசை முழுவதும் விலகியது, நானுந்தான்.