எட்டுச் சிவப்புக் கோடுகள்

என் மேஜை இழுப்பறையில் நான்காக மடித்த அச்சுத்தாள் ஒன்று கிடக்கிறது. 'மீட்டர் வைத்துப் பாருங்கள், பிறகு தொடுங்கள்' என்று அதில் ஒன்பது இடங்களில் இருக்கும். முதலாவதை விட்டுவிட்டு, மீதி எட்டையும் சிவப்புப் பேனாவால் அடித்தவன் நான்.

வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் சாமான்களைத் தாங்களே பழுது பார்க்கிறவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து தமிழில் எழுதிவந்த விக்கி இணையதளத்தின் பக்கம் அது. எழுதியவர், ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த மெயின்டனன்ஸ் அக்கா. தையல் மிஷின் மோட்டாரின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து சரிசெய்யும் முறையை அதில் விளக்கியிருந்தார். காக்ஸ் டவுனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் செய்து காட்டுவார். ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் பாயாதிருக்க, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒவ்வொரு முறை தொடுவதற்கு முன்பும் வோல்டேஜ் காட்டும் மீட்டரைப் பார்த்து 'ஜீரோ' என்று உரக்கச் சொல்வார். நான் கணிப்பொறி நிறுவனத்துக்குக் கையேடு எழுதிப் பிழைப்பவன், ஒரு ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கக்கூடத் தெரியாது. ஆனால் விக்கிக்கு எழுத்து விதிகள் வகுத்தது நான்தான். ஆறாவது விதி: ஒன்றை ஒரே முறை சொல்க. அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

கூட்டத்தில் நான் அடித்துக் கொடுத்த தாளைப் பார்த்ததும் அக்கா பதறினார். "அய்யோ தம்பி, அது ஒரே பேச்சு இல்லப்பா. நடுவுல ஆன் பண்ணி டெஸ்ட் பண்றோம்ல? பிளக்க புடுங்கினாலும் உள்ள கரண்ட் சார்ஜா தேங்கி நிக்கும். ஒவ்வொரு வாட்டியும் புதுசா நிக்கும்."

"படிக்கிறவங்க என்ன கொழந்தைங்களாக்கா? அதான் மேலயே ஒரு வாட்டி போட்டாச்சே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "சரிப்பா, ரூல்னா ரூல்" என்று தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

சில மாதம் கழித்து அந்தப் பக்கத்தின் கீழே சந்தாபுராவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அவர் கணவர் டெய்லர். "மேல சொன்ன மாதிரி மொதல்ல மீட்டர் வெச்சுதான் பாத்தாரு. அப்புறம் ஆன் பண்ணிப் பாத்துட்டு, பிளக்க புடுங்கிட்டு, ஆறாவது ஸ்டெப்புல கை வெச்சாரு. அங்க அப்படி ஒண்ணும் எழுதலயே." வலது கை வெந்துபோய், விரல்களில் கத்தரிக்கோல் நிற்கவில்லையாம். ஒரு வசவு கூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றே எட்டு வாக்கியங்களையும் திரும்பச் சேர்த்தேன். ஆறாவது விதியை நீக்கினேன். அதற்குப் பிறகு அக்கா கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். சில வாரம் பார்த்துவிட்டு ஹெப்பகோடிக்கு பஸ் ஏறி, அவர் தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் முடியும்வரை நின்று, அழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"அத கேக்கல. அவர போய்ப் பாத்தியா?" என்றார்.

"இல்லக்கா" என்றேன். அக்கா தன் பையிலிருந்து இந்தத் தாளை எடுத்து, பின்பக்கம் டெய்லர் கடைக்கு வழி எழுதி என் கையில் கொடுத்தார். "அந்தம்மாகிட்ட வழி கேட்டு நான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போறேன். நீயும் ஒரு வாட்டி வா." அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன். சந்தாபுரா பஸ் வந்தது, என் முன்னால் நின்றது, போய்விட்டது. எதிர்ப்பக்கம் போய் வீட்டுக்கு பஸ் பிடித்தேன்.

இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் தாளைப் பிரித்து, எட்டுக் கோடுகளையும் எண்ணுகிறேன். இன்றும் எண்ணினேன். பின்பக்கத்தை மட்டும் இதுவரை திருப்பிப் பார்க்கவில்லை.