குண்டூசி குத்திய படம்

குழாய்க்காரர் சொந்தப் பெண்டாட்டிக்கே நாற்பத்திரண்டாயிரம் கடன்பட்டிருந்தார். ஒளிப்பானேன்? இரண்டாவது தையல் மெஷினுக்கென்று அவள் ஏழு வருஷம் சேர்த்த பணம், அவர் செய்த தவறுக்குத் தண்டமாகப் போயிற்று.

சாதாரண ஆளா அவர்? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வெறுங்கையோடு கிளம்பி, முந்நூறு குளியலறைக்குக் குழாய் பதித்தவர். சுவர் பூசுமுன் குழாய்களைப் படம் பிடிப்பார். டேப்லெட்டில், குறிப்பு எழுதும் ஆப்பில் அந்தப் படத்தை வைத்து, மேலே டைல் கட்டங்களை விரலால் வரைவார். டைல் ஒட்டியபின் எந்த டைலுக்குப் பின்னால் குழாய் ஓடுகிறது என்று எண்ணிச் சொல்லிவிடுவார். இந்த யோசனை வேறு எவனுக்கும் வரவில்லை. அதை அவரே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒரு நாள், அளவு எழுதும்போது அவருடைய தடித்த கட்டைவிரல் பட்டு, கட்டங்களுக்கு அடியில் படம் மட்டும் அரை டைல் நகர்ந்துவிட்டது. கவனிக்காமல், "கண்ணை மூடிக்கிட்டு இங்க துளை போடுங்க" என்றார். போட்டார்கள். தண்ணீர் பீய்ச்சி, கீழ்வீட்டுக் கட்டில்வரை போனது.

தண்டம் கட்டி வந்த மத்தியானம், பெண்டாட்டி துணிமேல் காகித அளவை விரித்து, வாயில் கவ்விய குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தாள். அவர் டேப்லெட்டைத் திட்டினார்.

"நிக்க மாட்டேங்குதும்மா இந்தப் படம்!"

"ஊசி குத்தாம நான் கத்தரியைத் தொடுவேனா? உங்க படத்துக்கு ஒரு ஊசி இல்லையா?"

"கண்ணாடியில எங்க போய் ஊசி குத்துறது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே பெரிய மூளை இருக்குன்னு ஊரெல்லாம் சொல்றீங்க!"

சுருக்கென்றது. தொட்டார், தட்டினார், இழுத்தார். கடைசியில் படத்தின்மேல் விரலை அழுத்தியே வைத்திருந்தபோது ஒரு பட்டியல் விரிந்தது. அதில் குட்டியாக ஒரு பூட்டு. தொட்டார். பிறகு விரலால் தள்ளினார், உள்ளங்கையால் தள்ளினார், முழங்கையையும் வைத்துப் பார்த்தார். படம் அசையவில்லை.

"அடியே, யானையே வந்து தள்ளினாலும் இனிமே இது நகராது!"

அடுத்த கட்டடத்தில் பதினெட்டுக் குளியலறை. கான்ட்ராக்டர் கறாராகச் சொன்னார்: "பெரியவரே, கண்ணாடிக் கதவுக்கு அறைக்கு நாலு துளை. எல்லாம் போட்டப்புறம்தான் கூலி. ஒரு சொட்டு வந்தாலும் கூலி கிடையாது."

"வந்தா அந்தச் சொட்டை நானே குடிக்கிறேன், முதலாளி."

படம் வைத்தார், பூட்டினார், பிறகுதான் கட்டம் வரைந்தார். பதினெட்டுக்கும் அப்படியே.

துளை போடும் நாளில் கான்ட்ராக்டர் கையில் பக்கெட்டோடு வந்து நின்றார். இவர் டேப்லெட்டைப் பார்த்து, "இடமிருந்து மூணாவது, கீழிருந்து அஞ்சாவது" என்று சொல்லிக்கொண்டே போனார். எழுபத்திரண்டாவது துளையிலும் உதிர்ந்தது வெறும் தூள்தான். கான்ட்ராக்டர் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க முதலாளி. துணி ஊறவைக்க ஆகும்."

கான்ட்ராக்டர் கூலியைக் கொடுத்தார். குழாய்க்காரர் அதை அப்படியே கொண்டுவந்து, பெண்டாட்டி நீட்டிய கையில் ஆயிரம் ஆயிரமாக, தெருவுக்கே கேட்கும்படி எண்ணி வைத்தார்.

"நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு. கணக்கு தீர்ந்துது!"

விரித்த கை மடங்கவில்லை.

"ஊசி யோசனை சொன்னவளுக்கு?"

வாய்விட்டுச் சிரித்தார். "நாப்பத்திமூணு" என்று இன்னொரு ஆயிரத்தை வைத்தார்.