சிம்மாசனத்துக்கு அடியில் அவிழ்ந்த வயர்

எங்கள் வீட்டுக் குசினி விளக்குச் சுவிட்சை, கூட்டுகிற தும்புத்தடியின் பிடி நுனியால்தான் அழுத்த வேண்டும். கையால் தொட்டால் அது நம்மைத் திருப்பித் தொடும். அதைத் திருத்தவும் தெரியாமல், திருத்த ஆளைக் கூப்பிடவும் சோம்பல்படுகிற ஒருவன் நாடகக் குழுவொன்றின் ஒளியமைப்புப் பொறுப்பாளன் ஆனான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அவன் நான்தான். நடிப்பில் என்னைச் சோதித்துப் பார்த்துக் களைத்துப்போன பிறகு எனக்குக் கொடுத்த வேலை அது.

பேய், ஜின் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவை வருகிற கதைகளை அலுமாரி நிறைய வாங்கி வைத்திருக்கிறேன், வாசித்துவிட்டு விளக்கை அணைத்து நன்றாகக் குறட்டையும் விடுவேன். இனி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

மேடை, திருகோணமலைக் கடற்கரையோரம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். விளக்குகள் இரவல் வாங்கிய பழைய ஹலோஜன்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன அடுப்பு. பள்ளிக்கூட மெயின் போர்டில் இருந்து மின்சாரம் இழுக்க வேண்டும். எந்த வயர், எந்தப் பிளக் என்று தெரியாத மனிதன் தெரிந்தவரிடம் கேட்பான். நான் புத்தகம் வாசித்தேன்.

ஹாட்வெயார் கடைக்காரர், வீட்டில் பாவிக்கிற மூன்று முள் பிளக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது ஏலாது" என்றேன். "கடல் காத்து, தூறல் வேற. தண்ணி போகாத நீலப் பிளக் தாங்கோ, மூடியே கொளுவிப் பிடிக்குமே, அது."

"வயர்?"

"இரண்டரை எம்.எம். ஒண்டரை இவ்வளவு விளக்குக்கும் தாங்காது. ரப்பர் உறை போட்டது."

"ரப்பர் முடிஞ்சுது, பிளாஸ்டிக் உறைதான் கிடக்கு. சேர் எஞ்சினியரோ?"

அந்தக் கடைசிக் கேள்வியில் மயங்கி, பிளாஸ்டிக் உறையையே, வயர் சுற்றுகிற ஒரு பெரிய டிரம்மோடு வாங்கி வந்தேன். மேடைக்குத் தேவைப்பட்டது அதில் கால்வாசி. மிச்சத்தை டிரம்மிலேயே அழகாக இறுக்கிச் சுற்றி மேடைக்கு அடியில் வைத்தேன். மேடையைச் சுற்றி மறைப்புக்குக் காய்ந்த தென்னோலைக் கிடுகு. டிரம்முக்கு நேர் மேலே அரசனின் சிம்மாசனம், அதில் என் சிநேகிதன் ரபீக், தும்புத் தாடியோடு.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். அந்தியில் மஃரிப் பாங்கு கேட்டதும் ஒத்திகை நிற்கும். ரபீக்கும் மற்றவர்களும் தொழப் போவார்கள், மிச்சப்பேர் பிளேன்ரீ குடிக்கப் போவோம், மைதானம் காலி. விளக்குகளை மட்டும் நான் அணைப்பதில்லை, அணைத்தால் திரும்ப எரியாதோ என்ற பயம்.

முதல் நாள் திரும்பி வந்து பார்த்தால், டிரம்மில் இருந்த வயரில் பாதி வெளியே, மணலில், நீள நீள வளைவுகளாகக் கிடந்தது. ஒரு வளைவு மற்றதைத் தொடவில்லை, வலையைக் காயப்போட்ட மாதிரி. எல்லோரையும் ஏசிவிட்டுத் திரும்பச் சுற்றினேன். இரண்டாம் நாளும் அதே கதை.

"மான் இழுத்திருக்கும் மச்சான், வாழைப்பழத் தோலெண்டு நினைச்சு" என்றான் ரபீக். டவுணில் மான்கள் கடைத்தெருவில்கூட நடப்பவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளைவு போட்டு அடுக்குகிற மானை நான் கண்டதில்லை.

நாடகத்தன்று வயரைச் சுற்றி, அதன் மேல் கயிறு கட்டி, முடிச்சின் மேல் முடிச்சுப் போட்டேன். எல்லா விளக்குகளும் முழு வீச்சில். பாங்கு கேட்டது, எல்லோரும் போனார்கள், நான் போகவில்லை, மான் வரட்டும் என்று மேடை விளிம்பில் கதிரை போட்டு இருந்தேன். இன்னும் இருட்டவில்லை, கடல் நன்றாகத் தெரிகிறது, பக்கத்தில் காகம்கூட இல்லை. அப்போது காலுக்குக் கீழே டிரம் சுழல்கிற சத்தம். கட, கட, கட. அவசரமில்லாமல், வேலை தெரிந்த ஆள் சுழற்றுகிற மாதிரி.

"ஆரது?" என்று கேட்டேன். அரச சபையில் காவலனாக நடித்தபோதுகூட என் குரல் அவ்வளவு மோசமாக நடுங்கியதில்லை.

சத்தம் நின்றது. பிளாஸ்டிக் வேகிற மணம் வந்தது. குனிந்து பார்த்தேன், ஒருவரும் இல்லை. கயிறு அவிழ்ந்து பக்கத்தில் கிடந்தது, அறுபடவில்லை. முக்கால்வாசி வயர் மணலில் வளைவு வளைவாக. டிரம்மின் அடியில் மிஞ்சியிருந்த சுற்றுகளில் கை வைத்தேன், விரல் நுனி கொப்பளித்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

சுற்றி வைத்த வயரில் சூடு போக வழியில்லை, பாரமான விளக்குகளுக்கு டிரம்மில் இருந்து முழுவதையும் அவிழ்த்துவிட வேண்டுமாம். நான் வாங்கிய புத்தகத்திலேயே இருக்கிறது. பிறகு வாசிக்கலாம் என்று மடித்துவைத்த பக்கத்தில். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கிடுகில் தீப்பிடித்திருக்கும், ரபீக் தாடியோடு மேலே இருந்திருப்பான்.

அன்று வயரை நீளமாக விரித்துவிட்டு நாடகம் போட்டோம். அரசன் செத்தான், கதைப்படிதான்.

அடுத்த நாள் வயரைத் துடைக்கும்போது, உறை இளகியிருந்த ஓரிடத்தில் ஒரு பக்கம் நாலு பள்ளம், மறுபக்கம் ஒன்று. விரல் தடங்கள். குழுவில் எல்லோரும் கை வைத்துப் பார்த்தோம், ஒருவருக்கும் பொருந்தவில்லை, பள்ளங்கள் அவ்வளவு அகலம். சும்மா தொட்ட எனக்கே கொப்பளம், அதை இறுக்கிப் பிடித்த கை என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தேன். பாராட்டுகிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள். ஒரு கையிலும் காயமில்லை.

அந்தத் துண்டை வெட்டி எடுத்து அலுமாரியில் வைத்திருக்கிறேன், பேய்க் கதைகளுக்குப் பக்கத்தில். இப்போதெல்லாம் அந்தக் கதைகளை வாசித்தால் குறட்டை வருவதில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், தும்புத்தடியை எடுத்துச் சுவிட்சை அழுத்தினாள்.

"இஞ்சேருங்கோ, அந்த ஆள் திரும்ப வந்தா இதையும் ஒருக்காப் பாத்துவிடச் சொல்லுங்கோ."