கையை மட்டும் பார்த்தோம்

கண்காட்சிக்குப் போகிறவர்கள் வாசலைத் தாண்டி உள்ளே போவார்கள். நாங்கள் வாசலிலேயே நின்றுவிடுவோம். அது என் மனைவியின் ஏற்பாடு. ஒரு சந்தையில் கடை போடலாமா வேண்டாமா என்பதை முந்தின வருடமே போய்ப் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். அதற்கு உள்ளே போகத் தேவையில்லை, வெளியே வருகிறவர்களின் கையைப் பார்த்தால் போதும் என்பாள்.

"மூஞ்சியப் பாக்காதீங்க. மூஞ்சி பொய் சொல்லும். கையப் பாருங்க."

கையில் பஜ்ஜித் தட்டு இருந்தால் அது தீனிச் சந்தை. கையில் போன் இருந்தால் படம் பிடிக்கிற சந்தை. கைக்குள் இன்னொரு கை இருந்தால் காதலர் சந்தை, நிழலைத் தவிர அவர்கள் எதையும் தேட மாட்டார்கள். கையில் பொட்டலம் இருந்தால் மட்டும் விண்ணப்பம் போடு. இந்தச் சாத்திரத்தை அவள் யாரிடமும் கற்கவில்லை. பல சந்தைகளில் தோற்றுத் தோற்றுக் கண்டுபிடித்தாள்.

நான் கட்டுமாவடியில் உடைத்துப் போட்ட படகுகளின் பலகையை வாங்கிவந்து சுவரில் மாட்டுகிற மீன் செய்கிறவன். படகுக்காரர்கள் பழைய வண்ணத்தின் மேலேயே புது வண்ணம் அடிப்பார்கள். நீலத்துக்கு மேல் பச்சை, பச்சைக்கு மேல் மஞ்சள். அதை உப்பு தின்னும், வெயில் தின்னும், தின்றது போக மிச்சம் இருப்பது செதில் மாதிரி நிற்கும். நான் அறுப்பேன், இழைப்பேன், ஆணி பிடுங்கின ஓட்டையைக் கண்ணாக வைப்பேன். ஒரு சொட்டு வண்ணம் பூச மாட்டேன். கடல் பூசிய பிறகு நான் யார் பூச? பலகை தருகிற படகுக்காரர் ஒருமுறை, என் முகத்தைப் பார்க்காமலே வலையை உதறிக்கொண்டு சொன்னார்: "உசுரோட புடிச்சாந்த மீனையே இங்க சீந்த ஆளில்ல. நீங்க கட்டயில மீன் புடிக்கிறீக. பொழச்சுக்குவீகண்ணே."

விராலிமலையில் நெடுஞ்சாலை ஓரத்து உணவகம் ஒன்றில் கைவினைச் சந்தை என்றார்கள். பேருந்துகள் நின்றன, சனம் இறங்கியது, என் மேசைக்கு வந்தது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டது. அங்கிட்டு என்று மாலை வரை கை காட்டினேன். மலையிலிருந்து ஒரு மயில் இறங்கிவந்து மேசையில் ஏறி நின்றது. எல்லாரும் ஓடிவந்து மயிலைப் படம் பிடித்தார்கள். போகும்போது அது எச்சமிட்டுவிட்டுப் போனது. அன்று எங்கள் கடையில் எதையாவது கொடுத்துவிட்டுப் போனது அந்த மயில் ஒன்றுதான். திருச்சியில் ஒரு கல்லூரிச் சந்தை, செமயா இருக்கு அங்கிள் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் கடந்து போனார்கள். கொடும்பாளூர் கோயில் பக்கம் ஒரு கலைவிழாவில் ஒரு பெண்மணி பெரிய மீன் ஒன்றை ஆசையாகத் தடவிப் பார்த்தார். சுற்றிக் கொடுக்கச் செய்தித்தாளை எடுத்துவிட்டேன். "டிசைன் நல்லாருக்கு. பெயிண்ட் உரியாத பீஸ் இருக்கா?" என்றார்.

இதற்கெல்லாம் ஒரு கெடு வந்தது. என் மனைவியின் அண்ணன் புதுக்கோட்டையில் பிளைவுட் கடை வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும், சரக்கு வைக்க இடமும் வேண்டும். நான் ஆள், கொல்லையில் நான் மீன் அறுக்கிற தகரக் கொட்டகை இடம். மச்சான் என்னைக் கேட்கவில்லை, தங்கையைத்தான் கேட்டார். அவள் சோறு போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு சந்த. அதுலயும் மீன் போகலன்னா நீங்க கடைக்குப் போறீங்க. கொட்டகை அண்ணனுக்கு."

குழம்பில் கிடந்த மீன்கூட என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்த ஒரு சந்தையாக அவள் தேர்ந்தெடுத்தது திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் நடப்பது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வெளியூரில், வெளிநாட்டில். வருடத்தில் இரண்டு நாள் வீட்டைத் திறந்து, தூண் வைத்த முற்றமான வளவில் கைவினைக் கடைகள் போட விடுவார்கள். முந்தின வருடம் அந்த வாசலுக்கு எதிரே புளியமர நிழலில் நின்று நாங்கள் பார்த்தோம். காலை வெயில்கூட ஏறவில்லை. வெளியே வந்த கையில் எல்லாம் பொட்டலம். செய்தித்தாள் சுற்றிய பொட்டலம், சணல் கட்டின பொட்டலம், தோளில் தூக்கின பெரும் பொட்டலம். என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். கல்யாணமான புதிதில் சினிமாக் கொட்டகையில் கிள்ளினது, அதற்குப் பிறகு அப்போதுதான். ஊருக்குப் பேருந்து இருந்தது, மத்தியானத்துக்கு முன் கிளம்பிவிட்டோம்.

அந்த வருடம் முழுக்க அறுத்தேன். ஒரு படகின் முன்பலகை கிடைத்தது, ஆள் நீளம். அதில் படகின் பெயர் எழுதியிருந்து முக்கால்வாசி அழிந்துபோயிருந்தது. யாரோ ஒரு தெய்வத்தின் பெயர் போய், கடைசியில் 'துணை' மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த எழுத்து வயிற்றில் வரும்படி மீனை அறுத்தேன். நான் செய்ததில் அதுதான் மீன். மற்றதெல்லாம் அதற்கு ஒத்திகை.

குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், வளவின் கடைசி மூலையில் எங்களுக்குக் கொடுத்த இடத்தில் இறக்கினோம். துணி விரித்து முடிப்பதற்குள் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் அளவாக விபூதி, அதைவிட அளவாகச் சிரிப்பு.

"போணி பண்ணலாமா தங்கச்சி? என் கைராசி அப்பிடி. கேட்டுப் பாரு."

பேரம் பேசுகிறவர்களை என் மனைவி பேசியே கருக்கிவிடுவாள். விலையைக் குறைத்துக் கேட்டவரிடம், வீட்டில் சுவர் இருக்கிறதா என்று கேட்டவள் அவள். ஆனால் போணி என்ற சொல்லுக்கு முன்னால் அவள் பூக்காரி மகள். விடியக்காலம் கூடையை இறக்கினதும் வருகிற முதல் ஆளை வெறுங்கையாக அனுப்பக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, கேட்ட விலைக்குக் கொடுத்து அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று அம்மா வளர்த்த பிள்ளை. அவர் சின்ன மீன்களைப் பார்க்கவே இல்லை. நேராகத் 'துணை' மேல் கை வைத்தார். ஒரு விலை சொன்னார். பலகை வாங்கின காசுக்குக்கூட அது காணாது. நான் வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள். காசை வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். அவர் திரும்பிப் பார்த்துத் தலையசைக்க, ஆட்கள் இரண்டு பேர் வந்து மீனைச் செய்தித்தாளில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் அடுத்த கடைக்குப் போனார். "போணி பண்ணலாமா தங்கச்சி?"

பிறகு மத்தியானம் வரை யாரும் வரவில்லை. முன்கட்டில் காரும் பேச்சும் சிரிப்பும் கேட்டன, எங்கள் மூலைக்கு எதுவும் வந்து சேரவில்லை. தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பார்த்தேன். வாசலை ஒட்டின கூடத்தில் ஒரு கடை. விளக்கு வெளிச்சத்தில், கறுப்புத் துணி மேல், என் மீன். 'கடற்கரைப் பழம்பொருள்' என்று ஓர் அட்டை. வெள்ளைச் சட்டைக்காரர் யாரோ தம்பதியிடம் அது பழங்காலத்துப் பாய்மரக் கப்பலில் மாட்டியிருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் 'துணை' என்ற எழுத்தை விரலால் தொட்டுவிட்டு, ஐயோ பாவம் என்றாள். கப்பலைச் சொன்னாளோ என்னவோ.

திரும்பி வந்து பக்கத்துக் கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். ஓலைப் பெட்டி விற்கிறவர், வருடா வருடம் வருகிறவர். அவருக்கு ஆச்சரியமே இல்லை. அந்த ஆள் எல்லாக் கடையிலும் போணி பண்ணுவார், நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்வார், சனம் அவர் கூடத்தோடு திரும்பிவிடும் என்றார். அப்படியானால் போன வருடம் காலையில் நாங்கள் பார்த்த அத்தனை பொட்டலங்களும் என்று என் மனைவி கேட்டாள்.

"அதுவா. கூடத்துல வக்கிறது போக மிச்சத்த அவுக ஆளுக அவுக வண்டியில ஏத்துறது. அவரும் வாங்கலன்னா இங்க வாங்க ஆரு இருக்கா?"

என் மனைவி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் கூடத்திலிருந்து வழி தப்பி வந்த மாதிரி ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். ஒரு மீனைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "முன்னாடி ஒரிஜினல் இருக்கு. இதெல்லாம் அதப் பாத்துச் செஞ்ச டூப்ளிகேட்டா?" என்று கேட்டார். விசாரிக்கிற குரல்தான், கெட்ட எண்ணமே இல்லை. மீனை அவர் கையிலிருந்து வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் காலை அவள் துணியை விரித்ததும் சுருக்குப்பையைத் திறந்து என் கையில் காசை வைத்தாள். ஒரு கையளவு மீனை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் புரியாமல் பார்த்தேன். வெள்ளைச் சட்டை வந்துவிட்டது.

"போணி பண்ணலாமா தங்கச்சி?"

"ஆயிருச்சுங்க."

"அதுக்குள்ளயா? ஆரு?"

"நாந்தான்."

அவர் சத்தம் போட்டே சிரித்தார். "ஒன் கடையில நீயே போணியா? அது செல்லாது தங்கச்சி."

"செல்லும்ணே. வேணும்னா நாங்க சொல்ற வெலைக்கு வாங்கிக்கங்க. என் கைராசி எப்பிடின்னு பொழுதுசாயப் பாப்போம்."

அவர் விலைக்கு வாங்கவில்லை. பக்கத்துக் கடைகளில் போணி பண்ணிவிட்டுப் போனார். நாங்கள் நின்றோம், உட்கார்ந்தோம், மீன்களை இடம் மாற்றி வைத்தோம், தூசி இல்லாத மீனைத் துடைத்தோம். வெயில் வளவில் இறங்கி, தூண் தூணாக நகர்ந்து, எதிர்ச் சுவரில் ஏறிப் போய்விட்டது. ஒரு செதில்கூட விற்கவில்லை. கட்டுகிற நேரத்தில் அவர் அந்தப் பக்கமாக வந்தார். நின்றார். எங்கள் மூட்டைகளைப் பார்த்தார்.

"கைராசி எப்பிடி தங்கச்சி?"

ஓலைப் பெட்டிக்கார அம்மா சிரித்தார். அவர் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது, அடுத்த வருடமும் அவருக்குப் போணி வேண்டும்.

வண்டி திருமயம் கோட்டையைத் தாண்டியது. என் மனைவி, என்னிடம் இல்லை, கண்ணாடியிடம் சொன்னாள்: "அதே ரெண்டு ஆளு கையத் திரும்பத் திரும்பப் பாத்திருக்கேன். ஒரு தடவ மூஞ்சிய நிமுந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." அவள் வாங்கின மீனை நான் சரக்கோடு சேர்க்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டாள். காசு கொடுத்து வாங்கினது, தொடாதீங்க என்றாள். அது இப்போது அடுப்படியில் ஆணியில் தொங்குகிறது. அதன் வாலில் கரித்துணி.

நான் கடைக்குப் போகிறேன். கொட்டகையில் பிளைவுட் அடுக்கியிருக்கிறது. புதுப் பலகை, எந்தக் கடலையும் பார்க்காத பலகை, பசை வாடை. விற்காத மீன்களில் ஒன்றை மச்சான் எடுத்துக்கொண்டு போய், மிச்சமிருந்த எனாமலில் முழுக்கச் சிவப்பு அடித்து, கடை வாசலில் மாட்டியிருக்கிறார். "இப்பப் பாருங்க மாப்ள, என்னா அம்சமா இருக்கு. இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?"

போன வாரம் கடை திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். முதல் ஆள் வந்தார். கதவுக்குப் பலகை கேட்க வந்தவர், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது விக்கிறதுங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மச்சான் கல்லாவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "மாப்ள. போணி."

ஏணி போட்டு இறக்கினேன். கேட்ட விலைக்குக் கொடுத்தேன். செய்தித்தாள் சுற்றிச் சணல் கட்டினேன். காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் வாசலைத் தாண்டுகிறவரை பார்த்தேன். அவர் முகம் எனக்கு நினைவில்லை. கையில் பொட்டலம் இருந்தது.