பேசினேன் என்று எழுதினேன்

மயிலாப்பூரில் எல்லாரும் விடிந்ததிலிருந்து பேசுகிறார்கள். குளத்தடியில் பேசுகிறார்கள், ட்ராமில் பேசுகிறார்கள், சும்மா போகிறவனையும் நிறுத்திப் பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நாம் கதைப்போம். பேசுவதென்றால் நமக்கு ஏசுவது. வந்த புதிதில், இந்த ஊரே ஓயாமல் ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறது என்று நினைத்தேன். இரண்டு வருஷத்தில் மூளைக்கு விளங்கிவிட்டது. பாழாய்ப்போன காதுக்குத்தான் விளங்கவில்லை.

நான் ஏன் கப்பலேறினேன் என்பது ஊரில் உங்களுக்குத் தெரியும். கோபம் வந்தால் என் கை நிற்காது. என் மனைவி தங்கம்மா தாய்வீட்டுக்குப் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "உங்கட கை திருந்தினால் எழுதுங்கோ, வாறன்." இங்கே அச்சாபீஸில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறேன், போங்கள்!

பக்கத்து வீட்டுக் காசிம் பாய் ஜட்கா ஓட்டியவர். வண்டி கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்துவிட்டார். அவரைத் தூக்க அவர் மனைவி பாத்திமாவால் முடியவில்லை. ஆறு மாதமாகத் தினமும் காலையில் நான்தான் தூக்கி, துடைத்து, குளிப்பாட்டினேன். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவருக்காக மட்டும் போகவில்லை. அவர் முதுகைத் தேய்க்கத் தேய்க்க என் கையும் சுத்தமாகும் என்று ஓர் ஆசை. போன வாரம், ஆகிவிட்டது என்றே நம்பி, தங்கம்மாவுக்கு எழுதக் காகிதமும் வாங்கினேன்.

மறுநாள் காலை அவரைப் பலகையில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாத்திமா கதவருகே வந்தாள்.

"இன்னா நைனா, நேத்து நல்லா பேசினியாமே? மனுசன் அழுதுட்டாராம்!"

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. இவ்வளவு செய்த நானா ஏசினேன்? "ஆர் பேசினது? நான் பேசேல்லை!" என்று கத்தினேன். செம்பு பிடித்த கை ஓங்கிவிட்டது. நகர முடியாத காசிம் பாய் கண்ணை இறுக மூடி முகத்தை ஒருபக்கம் திருப்பினார். தங்கம்மாவும் அப்படித்தான் திருப்புவாள்.

"அய்யய்யோ! நீ ஆறுதலா பேசினதுல மனசு லேசாகி அழுதுட்டு, நல்லா தூங்கினாருன்னு சொல்லத்தானே வந்தேன்!" என்றாள் பாத்திமா.

கையை இறக்கினேன். மிச்சத் தண்ணீரை ஊற்றினேன். வேறென்ன செய்ய? துவட்டும்போது அவர் மெல்லக் கேட்டார்: "நாளைக்கும் வருவியா நைனா?" வரச் சொன்னாரா, வந்துவிடுவேனே என்று பயந்தாரா, இன்றுவரை தெரியவில்லை. போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நான் செம்பை எடுக்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.

அந்தக் காகிதத்தில் ஒரே வரிதான் எழுதினேன்: "தங்கம்மா, நான் பேசினேன்." இங்கே யார் படித்தாலும், இதற்கா ஒரு காகிதம் என்று சிரிப்பார்கள். அங்கே அவள் படித்தால், வர மாட்டாள்.