விரல் என் பக்கம் திரும்பிய காலை

கர்த்தரை நம்பியிருக்கிற என் அன்பானவர்களே, விமானம் ஓட்டக் கற்கப் போனவனின் சாட்சி என்றதும் ஆசையாய்ப் படிக்க உட்கார்ந்திருப்பீர்கள். நான் பறக்கவில்லை. இனிப் பறக்கப் போவதும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

என் பெயர் செல்வின். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பதினான்கு வருஷமாக ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. குடியிருப்பது இருங்காட்டுக்கோட்டையில், நானும் என் மனைவி மெர்சியும் மட்டும். கார்களைப் பூட்டிச் சேர்க்கும் லைனின் கடைசியில் நின்று வண்டியைச் சோதிப்பது என் வேலை. எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எதைச் சோதித்தாலும் விரலை நீட்டிச் சுட்டிக்காட்ட வேண்டும், வாய்விட்டு 'ஓகே' சொல்ல வேண்டும். பார்க்காமல் 'ஓகே' சொல்வது அங்கே பெரிய குற்றம். சந்தேகம் வந்தால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மொத்த லைனும் நின்றுவிடும்.

சூப்பர்வைசருக்குப் பயந்து நிறைய பேர் இழுக்க மாட்டார்கள். நான் இழுப்பேன். அதனால் எனக்குக் 'கயிறு செல்வின்' என்றே பெயர். பக்கத்தில் நிற்கிற ஏழுமலை, "இன்னா செல்வினு, காலைலயே கயித்தப் புடிச்சிட்டியா? டீ குடிக்கவாவது வுடுப்பா" என்பான். உள்ளுக்குள் எனக்கு அது பெருமை. மற்றவன் பொய் 'ஓகே' சொன்னால் எனக்குப் பொறுக்காது. அப்படிப்பட்ட நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூருக்கு வேலை தேடி வந்த புதிதில் லாட்ஜ் மொட்டை மாடியில்தான் துணி காயப்போடுவேன். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானங்கள் தலைக்கு மேல் போகும். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ஒரு நாள் நானே ஓட்ட வேண்டும், உத்தியோகத்துக்காக அல்ல, சொந்தமாக ஒரு லைசென்ஸ் எடுத்து ஒரு தடவையாவது. ஓ.டி. பார்த்துப் பார்த்துப் பணம் சேர்த்தேன். மெர்சியும் தடுக்கவில்லை. "உங்களுக்கு இருக்கது அந்த ஒரு ஆசைதான, போய்ட்டு வாங்க" என்றாள்.

போன வருஷம் எல்லாம் கூடி வந்தது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போகிற ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளி இடம் கொடுத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மயக்கம் வந்தது.

முதல் தடவை கம்பெனிக் கழிவறையில். கண் விழித்தபோது கன்னம் தரையில் கிடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கன்னத்துக் காயத்தைக் கேட்ட மெர்சியிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். இரண்டாவது தடவை வீட்டில். அவள் உபவாச ஜெபத்துக்குப் போயிருந்தாள், நான் பால் காய்ச்சினேன். எழுந்தபோது பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. தூங்கிவிட்டேன் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்க எடுத்துப் போனாள்.

பயிற்சிக்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு. இதயத் துடிப்பை அன்றைக்குப் பதிவு செய்து பார்த்தார்கள், கோளாறு தெரியவில்லை. படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: எப்போதாவது நினைவிழந்து விழுந்தது உண்டா? 'இல்லை' என்று டிக் அடித்தேன். பேனா நடுங்கக்கூட இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. இரண்டு மாதம் சர்ச்சில் திருவிருந்து எடுக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்தேன். ஆனாலும் ஜெபம் மட்டும் பண்ணினேன். முதல் தடவை விமானத்தில் ஏற ஒரு சனிக்கிழமை குறித்துக் கொடுத்திருந்தார்கள். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, சனிக்கிழமை காலை மட்டும் எனக்கு மயக்கம் வரக் கூடாது. யாருக்கும் தெரியவும் கூடாது." வெட்கமில்லாமல் இதையே கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. வானம் மூட்டமில்லாமல் இருந்தது. எனக்குச் சொல்லிக் கொடுக்க வந்தவர் நளினி மேடம், முப்பது வயதிருக்கும், சென்னைப் பெண். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். ஏறுவதற்கு முன் அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகமாகச் சோதிக்க வேண்டும் என்றார். இறக்கையின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டினார். என் விரல் தானாக நீண்டது. "தண்ணி இல்ல, ஓகே." டயரைக் காட்டினார். "டயர், ஓகே." இறக்கைக் கீலில் இருந்த நட்டைக் காட்டினார். "நட்டு, ஓகே."

மேடத்துக்குச் சிரிப்பு. "என்ன செல்வின், உங்க கம்பெனில இப்படித்தானா? நல்லா இருக்கே. என் ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்கும் இதச் சொல்லித் தரப் போறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உள்ளே ஏறிப் பெல்ட் போட்டோம். மேடம் சொன்னார்: "ஒண்ண விட்டுட்டீங்க. ஓட்டப் போற ஆள செக் பண்ணணும்ல? உடம்பு, மாத்திரை, மனசு, தூக்கம், சாப்பாடு. உங்க ஸ்டைல்லயே சொல்லுங்க பாப்போம்."

என் விரல் என் நெஞ்சின் பக்கம் திரும்பியது. "உடம்பு" என்றேன். 'ஓகே' சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை சொல்கிற வார்த்தை. அந்த விரல் நீண்டிருக்கும்போது பார்க்காததை 'ஓகே' என்று நான் சொன்னதே இல்லை. மேடத்தின் சிரிப்பு போய்விட்டது.

"மேடம், நான் ரெண்டு தடவை மயங்கி விழுந்துருக்கேன். மெடிக்கல் ஃபாரத்துல பொய் எழுதிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாவியை எடுத்துப் பையில் போட்டார்.

"ஓட்டுற ஸ்டிக்க உங்க கைல குடுத்திருப்பேன் செல்வின். அது மேல நீங்க சாஞ்சிருந்தா? எனக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு இருக்கா" என்றார்.

அந்தக் குழந்தையை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. என் ஆசை, என் லைசென்ஸ், என் வானம். பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேடம்தான் கழற்றிவிட்டு, "வீட்டுக்குப் போன் போடுங்க" என்றார்.

மெர்சி அன்றைக்கே கிளம்பி வந்து என்னைச் சென்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நெஞ்சில் ஒரு கருவியை ஒட்டி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள். இதயம் நடுநடுவே துடிக்காமல் நின்று நின்று போகிறதாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர். பேஸ்மேக்கர் வைத்தார்கள். விமானம் ஓட்டுவதை மறந்துவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்கு மறுநாள் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன். "நான் கேட்டது எதையும் ஆண்டவர் குடுக்கல மெர்சி" என்றேன்.

அவள் என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "நான் கேட்டதக் குடுத்தாரு" என்றாள்.

அப்போதுதான் சொன்னாள். கன்னத்துக் காயத்தையும் கருகிய பாத்திரத்தையும் பார்த்து, நான் மறைவாகக் குடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் வெள்ளிதோறும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். "அவிய எத மறைக்காவளோ, அத அவிய வாயாலயே சொல்ல வையும் ஆண்டவரே. அவ்வளவுதான் கேட்டேன்" என்றாள். "ஏங்க, என்ட்ட சொல்லிருக்கலாம்லா?"

ஒரே வீட்டில், ஒரே வெள்ளிக்கிழமை, தெரியக் கூடாது என்று ஒருவனும் தெரிய வேண்டும் என்று ஒருத்தியும் முழங்காலில் நின்றிருக்கிறோம். கர்த்தர் யாருக்குச் செவி கொடுத்தார் என்று பாருங்கள். என் ஜெபத்தைக் கேட்டிருந்தால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன். ஒரு குழந்தைக்குத் தாய் இருந்திருப்பாளோ என்னவோ.

இப்போதும் லைனில்தான் நிற்கிறேன். விமானம் போகும் சத்தம் கேட்டால் நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். திரும்பவும் திருவிருந்து எடுக்கிறேன். அன்பானவர்களே, நீங்களும் அவரை நம்பி, மறைத்து வைத்திருப்பதை முதலில் அவரிடம் காட்டிவிடுங்கள். அவர் பார்த்துக்கொள்வார்.

தினமும் காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன் மெர்சி வாசலில் என்னை நிறுத்துகிறாள். நான் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டி, "உடம்பு" என்கிறேன். சில நாள் 'ஓகே' என்கிறேன். சில நாள், "இன்னைக்கு முடியல மெர்சி" என்கிறேன்.